இன்னும் கொஞ்சம் தண்ணீர்

சலவைக்கடையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வு இல்லை. சனிக்கிழமை ராத்திரி ஊர் முழுக்கப் படுத்துப் புரண்டதெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நாள் அது. பெரிய தெரு ஓட்டல்களின் விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் எல்லாம் விடிந்ததும் வந்துவிடும். மத்தியானத்துக்குள் துவைத்து, பிழிந்து, இஸ்திரி ரோலரில் விட்டு, மடித்து வேனில் ஏற்றியாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஓட்டல்காரன் வாயில் வருவதைக் கேட்க இரண்டு காது போதாது.

அந்த ஞாயிறும் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு மூத்த பிள்ளை, எல்லோருக்கும் பெரியவன், ஈர விரிப்பை நீவி நீவி ரோலரின் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அது காய்ந்து, மொடமொடவென்று, அப்பளம் மாதிரி சூடாக வெளியே வந்தது. அவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் விளக்குகள் பச்சையும் நீலமுமாகச் சுற்றின.

"என்னடா, விரிப்பை ரோலருக்குக் குடுக்கச் சொன்னா உன் விரலைக் குடுத்துடுவ போலிருக்கே?" என்று அப்பா பாய்லர் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

அப்பாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயரே பாய்லர்தான். வேலை நேரத்தில் புஸ்ஸென்று சீறுவார். அடுப்பை அணைத்த கொஞ்ச நேரத்தில் ஆறிப்போய், யார் வேண்டுமானாலும் சாய்ந்துகொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிடுவார்.

"ஒண்ணுமில்லப்பா. தூக்கம்."

"பார்ட்டின்னா அப்படித்தான். உன் தங்கச்சி எங்க?"

தங்கை மடிப்பு மேசைக்குக் கீழே துண்டு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியவன் அவளை 'கொசு' என்றுதான் கூப்பிடுவான். எந்நேரமும் காதருகே ஏதாவது சொல்லி நச்சரித்துக்கொண்டே இருப்பாள். பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரியில் சேர்ந்து, இப்போதுதான் முதல் தடவையாக ராத்திரி வெளியே போக அனுமதி வாங்கியிருந்தாள். அதுகூட அவளுக்குக் கிடைத்த அனுமதி இல்லை, அண்ணனுக்குக் கிடைத்தது. "அவனும் கூடப் போறான்ல, போகட்டும்" என்றுதான் அப்பா சொன்னார்.

அந்தக் கொசு இன்று ரீங்காரம் இல்லாமல் கிடந்தாள்.

"தலை வலிக்குதும்மா."

"வலிக்காம? விடிய விடியக் குதிச்சா? மூஞ்சியப் பாரு, வேகவச்ச மாதிரி இருக்கு. சூடு ஏறிடுச்சு உனக்கு." அம்மா தேய்ந்து மங்கிப்போன பெரிய அலுமினிய ஜக்கை எடுத்து நீட்டினாள். "குடி. முழுசா."

அந்தக் கடைக்கு என்று ஒரே ஒரு சட்டம் உண்டு. நீராவி அடித்தவர்களுக்குத் தண்ணீர். கோடையில் பாய்லர் அறைக்கும் அடுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. வேலைக்கு வந்த எத்தனையோ பேர் நின்ற இடத்திலேயே சரிந்திருக்கிறார்கள். அம்மா அவர்களை வாசலுக்கு இழுத்துப்போட்டு, நெற்றியில் ஈரத்துணி வைத்து, ஜக்கு ஜக்காகப் புகட்டி எழுப்பி உட்கார வைத்திருக்கிறாள். இதுவரை ஒருவர்கூட எழுந்திருக்காமல் போனதில்லை. முன்பெல்லாம் ஜக்கில் ஒரு கரண்டி உப்பும் போடுவாள். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்ததும் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்குக் குறைப்பதெல்லாம் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும். உப்பு ஜாடி கடை அலமாரியின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, சோப்புத்தூள் படிந்து, யாருக்கும் எட்டாத பொருளாகிவிட்டது.

கொசு ஜக்கை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

"போதும்மா. நான் என்ன தண்ணித் தொட்டியா?"

"வாய் மட்டும் வத்தவே வத்தாது உனக்கு. குடிடி."

ரோலர் பக்கமிருந்து பெரியவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் குடிப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நெஞ்சு லேசாகியது. தண்ணீர்தானே மருந்து. அங்கேயும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

அங்கே என்பது, முந்தின ராத்திரி பார்ட்டி நடந்த, மூடிக்கிடந்த ஒரு பழைய கிடங்கு. உள்ளே பாட்டுச் சத்தம் நெஞ்செலும்பில் வந்து முட்டும். பெரியவனின் நண்பன், சுருட்டை முடிக்காரன், எல்லோருக்கும் சுருட்டை, பெரியவன் உள்ளங்கையைப் பிரித்து ஒரு மாத்திரையை வைத்தான். வெளிர் மஞ்சளில், ஓட்டை போடாத சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. பெரியவனுக்கு அது புதிதில்லை. முன்னால் சில தடவை போட்டிருக்கிறான். ஒன்றும் ஆனதில்லை. உலகத்திலுள்ள எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல ஓர் அன்பு வரும், விடிந்தால் போய்விடும், தாடை மட்டும் வலிக்கும்.

"எனக்கு?" என்றாள் கொசு, காதருகே.

"உனக்கு ஒண்ணும் கிடையாது. போ."

"சரி, பாய்லர்கிட்ட சொல்றேன்."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் பல்லால் கடித்து இரண்டாக்கினான். பாதி அவனுக்கு, பாதி அவளுக்கு. பாதியில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தான். முழுசாகப் போட்டவர்களே ஆடிக்கொண்டிருந்தார்கள். "சூடு ஏறும், தண்ணி மட்டும் விடாம குடிச்சிட்டே இரு" என்றான் சுருட்டை. கொசு சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். ஆடியதைவிடத் தண்ணீர் பாட்டிலும் கையுமாக நின்றதுதான் அதிகம்.

இப்போது அம்மா டீயும், ரொட்டியில் முட்டை வைத்துச் சுருட்டியதும் கொண்டுவந்து நீட்டினாள். கொசு ஒரு வாய் கடித்தாள். அப்படியே ஓடிப்போய்ச் சாக்கடைக் குழியருகே குனிந்தாள். வந்ததெல்லாம் தண்ணீர்.

"வரட்டும், வரட்டும்" என்று அம்மா முதுகைத் தடவினாள். "கண்டதையும் தின்னிருப்ப. எல்லாம் வெளிய வந்துட்டா நல்லதுதான். போனதுக்கு ஈடா ஒரு ஜக்கு குடிச்சிடு."

"அம்மா..." என்றான் பெரியவன்.

"என்னடா?"

ரோலர் ஒரு விரிப்பை விழுங்கி முடித்துவிட்டு அடுத்ததற்காக வாயைத் திறந்து சுற்றியது. அப்பா பாய்லரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குப் படமாகத் தெரிந்தது. அப்பாவின் கை ஓங்குவது பெரிய விஷயமில்லை. 'அவனும் கூடப் போறான்ல' என்று சொன்ன அந்த வாய் இனி அவனைப் பார்த்து எதையும் நம்பிச் சொல்லாது. அதுதான் பயமாக இருந்தது.

"அவ... கொஞ்சம் படுக்கட்டுமே."

"படுக்கலாம், படுக்கலாம். இந்தப் பெரிய விரிப்புகளை மட்டும் மடிச்சிட்டுப் படுக்கட்டும். நாலு தடவை குனிஞ்சு நிமிர்ந்தா தலைவலி பறந்துடும். எழுந்திருடி!"

பெரிய விரிப்பை ஓர் ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைக் கையில் ஒப்படைக்க வேண்டும். அம்மாவும் பெண்ணும் இதைப் பார்க்காமலே செய்வார்கள். சண்டை போட்டுக்கொண்டே மடிப்பார்கள். சண்டை உச்சத்துக்குப் போகிற நேரம் விரிப்பு சுருங்கி, இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு இடிக்கிற தூரத்தில் நிற்பார்கள். பிறகு சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

கொசு எழுந்து வந்தாள். அம்மா விரிப்பை வீசினாள். கொசுவின் கை முனையைத் தேடியது. விளிம்பைத் தடவிக்கொண்டே போனது. நடுவில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, அதுதான் முனை என்பது போல நின்றாள்.

"என்னடி, முனை எங்கன்னு மறந்துபோச்சா?"

"இதுதானேம்மா?" என்றாள். குரல் ரொம்ப தூரத்திலிருந்து வந்தது.

அம்மா சிரித்துவிட்டாள். "தூக்கக் கலக்கம் பாரு! போ, போய்ப் படு. உன்னை வச்சு மடிச்சா ஓட்டல்காரன் இதை டென்ட்டுன்னு நினைச்சுப்பான்."

பெரியவன் சிரிக்கவில்லை. குழந்தையாக இருந்தபோதிலிருந்து அந்த முனைகளைப் பிடித்து வளர்ந்த கை அது.

"அப்பா, ரோலரைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, பாய்லருக்குப் பின்னால், சத்தத்தில் யாருக்கும் கேட்காத இடத்துக்குப் போனான். சுருட்டையைப் போனில் கூப்பிட்டான். வெகுநேரம் அடித்தபிறகு எடுத்தான்.

"என்னடா, காலங்காத்தால?"

"தங்கச்சிக்கு ஒரு மாதிரியா இருக்குடா. வாந்தி. பேச்சு குழறுது."

"புதுசுல அப்படித்தான் இருக்கும். எனக்கெல்லாம் முதல் தடவை எங்கம்மாவையே அடையாளம் தெரியல." அவன் சிரித்தான். "தண்ணி குடு."

"குடுத்துட்டுத்தான் இருக்கோம்."

"அப்புறம் என்ன? இன்னும் குடு. தூங்க விடு. சாயங்காலம் எழுந்து உன்னையே கிண்டல் பண்ணும்."

"ஆஸ்பத்திரிக்கு..."

"பைத்தியமாடா நீ? என்ன சாப்பிட்டான்னு கேப்பாங்க. எவன் குடுத்தான்னு கேப்பாங்க. அப்புறம் போலீஸ். என் பேரு, உன் பேரு, உன் தங்கச்சி பேரு, எல்லாம் நாறிடும். உனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"இல்ல."

"அதே மாத்திரைதானே ரெண்டு பேரும்? உனக்கு ஆகாதது அவளுக்கு எப்படி ஆகும்?"

அந்தக் கணக்கு பெரியவனுக்குச் சரியாகப் பட்டது. சரியாக இருந்தாக வேண்டியிருந்தது. அம்மா சொல்வதும் தண்ணீர், சுருட்டை சொல்வதும் தண்ணீர். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர் ஒரே மருந்தைச் சொன்னால் அது தப்பாகவா இருக்கும்?

அவனே ஜக்கை நிரப்பிக்கொண்டு போனான். கொசு, ரோலரிலிருந்து வந்து குவிந்த துண்டுகளின் வெதுவெதுப்பில் சுருண்டு கிடந்தாள்.

"எழுந்திரு. இதைக் குடி."

கண்ணைத் திறந்தாள். "போதும்டா. வயிறு முட்டுது."

"குடி கொசு. குடிச்சா சரியாயிடும்."

"நிஜமா?"

"நிஜமா."

அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவள் கொஞ்சம் குடித்தாள், கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. பிறகு அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, வழக்கம்போலக் காதருகே வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிடாத."

"சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா. தூங்கு."

வேன் வந்துவிட்டது. வேன்காரர் கதவைத் திறக்கும்போதே கத்திக்கொண்டு வருவார். அன்றைக்கும் அப்படித்தான். "என்ன பாஸ், இன்னும் மூட்டை கட்டலையா? ஓட்டல்ல கட்டில் எல்லாம் துணியில்லாம வெக்கப்பட்டு நிக்குது!"

"வர்றவன் வெத்துக் கையோட வராம ரெண்டு கை போடு" என்றார் அப்பா. "வீட்ல ஒருத்தி பார்ட்டிக்குப் போய்ட்டு வந்து மகாராணி மாதிரி தூங்குறா."

எல்லோரும் மடிப்பதும் கட்டுவதும் தூக்குவதுமாக இருந்தார்கள். துண்டுக் குவியலிலிருந்து குறட்டை கேட்டது. கரடுமுரடான, இழுத்து இழுத்து வருகிற குறட்டை.

"கேட்டியா?" அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வேன்காரரிடம் சொன்னார். "இந்தச் சின்ன உடம்புக்குள்ள எங்கருந்துடா வருது இவ்வளவு சத்தம்? ரோலரே தோத்துச்சு!"

வேன்காரர் சிரித்தபடி எட்டிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"பாஸ்... பொண்ணு கை என்னமோ இழுக்குது பாருங்க."

அம்மா கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். கொசுவின் உடம்பு வில் மாதிரி வளைந்து, உதறி, தளர்ந்து, மறுபடி வளைந்தது. அடியிலிருந்த துண்டுகள் தரையெங்கும் சிதறின. அம்மா அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி! தண்ணி கொண்டாடா!" என்று அலறினாள். பெரியவன் ஜக்கை எடுத்தான். வாய் பூட்டிக் கிடந்தது. பற்களில் பட்டுத் தண்ணீர் இருபுறமும் வழிந்தது.

வேனில் ஏற்றியிருந்த மூட்டைகளின் மேலேயே அவளைக் கிடத்தினார்கள். ஓட்டலுக்குப் போக வேண்டிய வெள்ளை விரிப்புகளின் மீது, அவர்கள் வீட்டுப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழி முழுக்க அம்மா அவள் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அப்பா, "ஒண்ணுமில்ல, வெக்கை, வெக்கைதான்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். பெரியவன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம், ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்தான்.

வாசலிலும் சொல்லவில்லை. உள்ளே குழாயும் ஒயருமாகக் கொசுவை அழைத்துப்போன பிறகு ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர்" என்றாள் அம்மா. "ரொட்டி குடுத்தேன், வாந்தி எடுத்துட்டா. சூடு ஏறியிருந்துச்சு. ஆனா தண்ணி நல்லாக் குடுத்திருக்கேன். காலைலேர்ந்து விடாம குடுத்திருக்கேன்." அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

டாக்டரம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். "ரத்தத்துல உப்பு ரொம்பக் கீழ இறங்கியிருக்கு. வெறும் தண்ணி குடிச்சதால மட்டும் இவ்வளவு இறங்காது. நேத்து ராத்திரி ஏதாவது மாத்திரை போட்டாளா? நான் போலீஸ் இல்ல. அவளுக்காகக் கேக்கறேன்."

"சேச்சே, எங்க வீட்டுப் பொண்ணு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"பாதி" என்றான் பெரியவன். "பாதிதான் டாக்டர். நான்தான் குடுத்தேன்."

நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரச் சத்தம் திருப்பத்தில் மறைந்தது.

"அந்த மாத்திரை உடம்புல தண்ணியை வெளிய விடாமத் தேக்கிடும்" என்றார் டாக்டரம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. "தாகமும் எடுக்கும். குடிக்கக் குடிக்க ரத்தம் நீர்த்துப்போகும். மூளை வீங்கிடும். எல்லாருக்கும் அப்படி ஆகாது. யாருக்கு ஆகும்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது. அதுல வேற என்ன கலந்திருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது."

அம்மாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் உள்ளே போயிருந்தது. "உப்பா?" என்றாள். "உப்புப் போட்டுக் குடுத்திருந்தா சரியாயிருக்குமா டாக்டர்? ஜாடி இருக்கு. மேல இருக்கு. நான்தான் எடுக்கல."

"அதால மட்டும் சரியாயிருக்காதும்மா. தண்ணியே குடுத்திருக்கக் கூடாது."

"காலையிலயே..." என்றான் பெரியவன். "காலையிலயே சொல்லியிருந்தா?"

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "காலையிலயே கொண்டுவந்திருந்தா, நல்ல வாய்ப்பு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெரியவன் அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அப்பாவின் கை எழவே இல்லை. பாய்லர் சீறவும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் கேட்டார்.

"ஒரே மாத்திரையா?"

"ஆமாப்பா."

"பாதி உனக்கு, பாதி அவளுக்கா?"

"ஆமா."

"உனக்கு ஒண்ணும் ஆகல."

அதை ஆறுதலாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று பெரியவனுக்கு அன்றும் புரியவில்லை, அதற்கப்புறமும் புரியவில்லை.

கொசு கண் விழிக்கவில்லை. மூச்சை மெஷின் விட்டுக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளை ஒருவர் ஒருவராகப் போய்ப் பார்க்க விட்டார்கள். அம்மா போனபோது மகளின் முகத்தைத் தடவினாள். பிறகு, தன்னையறியாமல், அவள் கால்மாட்டில் விரிப்பின் முனை பிசகியிருந்ததை இழுத்துச் சரிசெய்தாள். ஒரு பக்கம் செய்துவிட்டு, எதிர்ப் பக்கத்து முனைக்கு ஆளில்லாததால் சுற்றிப் போய் அதையும் செய்தாள். சில நாட்கள் கழித்து டாக்டரம்மா அவர்களை ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசினார். மெஷினை நிறுத்தினார்கள்.

சுருட்டை வரவில்லை. அவனுடைய போனும் அணைந்தே கிடந்தது. பெரியவன் போலீஸிடம் அவன் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னான். விசாரணை, வக்கீல் என்று அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. கிடங்கில் வேறு ஒரு பெயரில் மறுபடி பாட்டுப் போடுகிறார்கள் என்று வேன்காரர் யாரிடமோ சொன்னது அவன் காதில் விழுந்தது.

ஓட்டல்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

கடை மறுபடி ஓடியது. அம்மா யாரோடும் சண்டை போடவில்லை. வேலையாட்கள் தாகம் எடுத்தால் தெருக்குழாய்க்குப் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அலுமினிய ஜக்கு எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. உப்பு ஜாடி மட்டும் கீழே இறங்கி, மடிப்பு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அம்மா அதைத் துடைத்து வைத்திருந்தாள். திறப்பதில்லை.

அப்படி ஒரு ஞாயிறு. ரோலரில் வேலை முடித்த பெரியவன் திரும்பிப் பார்த்தபோது அம்மா ஒரு பெரிய விரிப்பைத் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். மோவாய்க்கட்டையில் ஒரு முனையை இடுக்கி, கையை எட்டுமட்டும் விரித்தும், மறு பாதி ஈரத் தரையில் புரண்டது. அதை மறுபடி துவைக்க வேண்டும். அவளுக்குத் தெரியாததா?

அவன் போய்க் குனிந்து அந்தப் பக்கத்து இரண்டு முனைகளையும் எடுத்தான். அன்றிலிருந்து அவள் அவன் முகம் பார்த்துப் பேசியதில்லை. இப்போதும் பார்க்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. ஒரு உதறு. பாதி. மறுபடி பாதி. எதிரெதிரே நடந்தார்கள். முனைகளை ஒப்படைக்கிற தூரம் வந்ததும் அவள் நின்றாள்.

"கடைசி ஜக்கு நான் குடுக்கலயே" என்றாள், விரிப்பைப் பார்த்தபடி. "நிரப்பி வச்சிருந்துச்சு. பாதி குறைஞ்சிருந்துச்சு. நீ குடுத்தியா?"

"நான்தாம்மா."

"குடிச்சாளா?"

"குடிச்சா."

ரோலர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா பாய்லரின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போதும்னு சொன்னாளா?"

பொய் சொல்லலாம். ஒரு வார்த்தைதான்.

"சொன்னாம்மா."

அம்மா அவன் கையிலிருந்து முனைகளை வாங்கி, தன் முனைகளோடு சேர்த்து, மடிப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். கசங்கல் எதுவும் இல்லாத இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றாள்.

பிறகு குவியலிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து, அதன் இரண்டு முனைகளை அவன் பக்கம் நீட்டினாள்.